ஆளுக்கு மூன்று பொட்டு

என் அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் மட்டம். கவுன்சிலின் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவர் அவர். வயிற்றுக்கடியில் மாட்டிய நீளமான கத்தியால் மண் ரோட்டின் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே போகிற வண்டி அது. வேலைக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத ஆளுக்கு மட்டம் என்று பெயர் வைத்தது எங்கள் ஊரின் குசும்பு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளத் தெரிந்த மனுஷனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளன்றே அவர் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். பந்தியில் மாப்பிள்ளை உட்காரவே இல்லை. "அவங்க சாப்பிடட்டும், இவங்க சாப்பிடட்டும்" என்று வந்தவர் போனவரையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் அவர் உட்கார்ந்தபோது பாத்திரம் காலி. சமையல்காரர் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு ஏப்பம் விடுவது போல நடித்தார். அக்கா அதைப் பார்த்து மயங்கிப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு அசடுக்கா அக்காவைக் கொடுத்தோம் என்று அம்மாவிடம் கேட்டு முதுகில் ஒரு அறை வாங்கினேன்.

எங்கள் ஊர் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கிறது. கவுன்சிலின் எல்லைக்குள் வருகிற ஊர்களிலேயே எங்களுடையதுதான் கடைசி. அதற்கப்புறம் முள்ளும் கல்லும்தான். ஒரு கடை, ஒரு தபால் ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம், வாரத்தில் இரண்டு நாள் நர்ஸ் வந்து போகிற ஒரு கிளினிக், கூட்டம் நடத்த ஒரு கூடம். கூடத்தைத் திறப்பது, பூட்டுவது, பெருக்குவது, நாற்காலி போடுவது, டீ போடுவது எல்லாம் என் வேலை. நகரத்துக்குப் போக மூன்றரை மணி நேரம் ஆகும். அதில் பாதி வழி மண் ரோடு, அதாவது அத்தானின் ராஜ்ஜியம்.

அக்காவுக்கு முதலில் கால் வீங்கியது. நின்று வேலை செய்வதால் என்று நினைத்தாள். பிறகு முகம் வீங்கியது, சோறு இறங்கவில்லை, நகரத்துக்குக் கொண்டு போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இனி வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், உயிரோடு இருக்கும் வரைக்கும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். போக மூன்றரை, வர மூன்றரை. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இருட்டின பிறகு வந்து விழுவாள். மறுநாள் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி கிடப்பாள். அதற்கு மறுநாள் மறுபடி கிளம்ப வேண்டும்.

நகரத்திலேயே போய் இருந்துவிடலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். இருந்தும் பார்த்தார்கள். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் நாலு மாதம். அத்தான் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுப் போனார். வேலை போனால் கவுன்சில் கொடுத்த வீடும் போகும், வீடு போனால் எதுவுமே இல்லை என்ற நிலை. அக்காவுக்கும் அங்கே மூச்சு முட்டியது. "சாகப் போறவளுக்கு இந்தப் படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சாகணும்னு விதியா?" என்று கேட்டாள். திரும்பி வந்தார்கள்.

வந்த பிறகு அத்தான் ஒரு காரியம் செய்தார். மண் ரோட்டை வருஷத்துக்கு இரண்டு முறை சீவினால் போதும் என்பது கவுன்சிலின் கணக்கு. இவர் மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அக்கா போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கிரேடரை எடுத்துக்கொண்டு போய் மோசமான இடங்களைச் சீவிவிட்டு வருவார். குலுங்கினால் அவளுக்குக் குமட்டும். மேற்பார்வையாளர் இரண்டு முறை கூப்பிட்டு எச்சரித்தார்.

"டீசல் என்ன உங்க வீட்டுக் கிணத்துலயா ஊறுது?" என்று கேட்டாராம்.

"ரோடு எல்லாருக்கும்தானே சார்," என்றாராம் இவர்.

தனக்காகச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள அந்த வாய்க்கு வராது. அந்த ரோட்டில் வாரத்துக்கு மூன்று நாள் போன வண்டி, ஊர்க்காரர் யாராவது அக்காவை ஏற்றிக்கொண்டு போன வண்டி மட்டும்தான்.

இந்தச் சமயத்தில்தான் திட்டம் வந்தது. இருபது ஆண்டுத் தொலைநோக்குச் சமூகத் திட்டம் என்று பெயர். இனிமேல் கவுன்சில் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யாதாம். ஒவ்வொரு ஊரிலும் மக்களைக் கூட்டி, என்ன வேண்டும் என்று கேட்டு, அதைப் புத்தகமாக்கி, அதன்படி இருபது வருஷம் நடக்குமாம். முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு ஊருக்கு நாலு காரியம். மற்றதெல்லாம் பின்வரிசையில் காத்திருக்கும். ஐந்து வருஷம் கழித்து மறுபடி கூடிப் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றலாம். நடுவில் கை வைக்க முடியாது.

செய்தி வந்த அன்றே தபால்காரர் என்னிடம் ஓடி வந்தார். எங்கள் ஊரில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் மூச்சு வாங்குகிறவர் அவர்.

"நம்ம கிளினிக்ல பின்னாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு? அதுல ஒரு மெஷினும் ஒரு நாற்காலியும் போட்டா போதாதா? அண்ணி நடந்தே போய்ட்டு வந்துடலாமே! நானே எந்திரிச்சுக் கேக்குறேன் பாருங்க," என்றார்.

நர்ஸிடம் விசாரித்தோம். அப்படிச் சின்ன ஊர்களில் ஒற்றை நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றும், கவுன்சில் திட்டத்தில் சேர்த்துவிட்டால் சுகாதாரத் துறை மெஷினும் பயிற்சி பெற்ற நர்ஸும் தரும் என்றும் சொன்னார். அக்காவுக்கு முதல் முறையாக முகத்தில் களை வந்தது. நடந்து போகிற தூரத்தில் மெஷின் இருந்தால், மிச்ச நாளையெல்லாம் அவள் மனுஷியாக வாழலாம். அவ்வளவுதான் விஷயம். ஒரு நாற்காலி.

கூட்டத்துக்கு நகரத்திலிருந்து திட்ட அதிகாரி வந்தார். இளவயசு, வெள்ளை ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. திட்டம் போட வந்தவரை நான் திட்டாமல் விட்டது அன்றைக்குக் காலையில் மட்டும்தான். நல்ல பிள்ளை போலத்தான் பேசினார். எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"இன்னும் இருபது வருஷம் கழிச்சு உங்க ஊர் எப்படி இருக்கும்? மெதுவா மூச்சை இழுத்து விட்டு, அந்த ஊருக்குள்ள நடந்து பாருங்க," என்றார்.

கூடத்தில் அறுபது பேர் இருந்திருப்போம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டோம். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்கள். அக்கா முந்தின நாள் மெஷினுக்குப் போய் வந்தவள், கண்ணை மூடச் சொன்னதும் நிஜமாகவே தூங்கிவிட்டாள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அவளிடம் நின்றார். அத்தான் மெதுவாகத் தட்டி எழுப்பினார்.

"இருபது வருஷத்துக்கு அப்புறம் என்ன பார்த்தீங்கம்மா?"

"இருபது வருஷமா?" என்று அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியுது தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிறகு ஊர்க்காரர்கள் வேண்டியதைச் சொன்னார்கள். சொன்னது ஒவ்வொன்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தபால்காரர் சொன்னபடியே எழுந்து நாற்காலியைக் கேட்டார். கூடமே கை தட்டியது. ஒரு கிழவர் எழுந்து நின்று தட்டினார். கைதட்டல் அடங்கவே நேரமானது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் தனியாக இருக்கிற தையல்காரம்மா தன் வீட்டு முனையில் ஒரு விளக்கு கேட்டார். டீச்சர் மைதானத்துக்கு வேலி கேட்டார். நான் கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்றேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு தாள் ஆயிற்று. கடைசியில் கடைக்காரர் எழுந்தார்.

"ஊருக்கு ஒரு வரவேற்பு வளைவு வேணும். பெருசா. 'நல்வரவு'ன்னு எழுதி."

கூடம் வெடித்துச் சிரித்தது. "யாரை வரவேற்க? ஆட்டையா?" என்று ஒருவர் கேட்டார். "வளைவு வெச்சா அதுல முட்டிக்கக்கூட ஒரு வண்டி வராதேய்யா!" என்றார் இன்னொருவர். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அதிகாரி ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார். வட்டமாக, நெற்றியில் வைக்கிற பொட்டு மாதிரியே இருந்தது. அதனால் எல்லாரும் பொட்டு என்றே சொன்னோம். எது முக்கியமோ அந்தத் தாளில் ஒட்ட வேண்டும், மூன்றையும் ஒன்றிலேயே ஒட்டினாலும் சரி, பிரித்து ஒட்டினாலும் சரி. அதிகப் பொட்டு வாங்குகிற நாலு காரியம் திட்டத்தில் சேரும். "இங்க சத்தமா பேசுறவங்களுக்கு ஒரு நியாயம், பேசாதவங்களுக்கு ஒரு நியாயம்னு கிடையாது," என்றார்.

நான் டீ போடப் பின்கட்டுக்குப் போனேன். அறுபது பேருக்கு டீ போட நேரம் பிடிக்கும். தட்டோடு திரும்பி வந்தபோது வரிசையில் யாரும் இல்லை, எல்லாரும் ஒட்டிவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் மூன்று பொட்டையும் எடுத்துக்கொண்டு நேராக நாற்காலித் தாளுக்குப் போனேன். தாள் வெள்ளையாக இருந்தது.

முதலில் வேறு தாளுக்கு முன்னால் நிற்கிறேன் என்று நினைத்தேன். மேலே எழுதியிருப்பதை மறுபடி படித்தேன். பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். விளக்குத் தாளில் பொட்டு, வேலித் தாளில் பொட்டு, கூரைத் தாளில் பொட்டு. வளைவுத் தாளில் எழுத்தே தெரியாமல் அம்மை போட்ட முகம் மாதிரி சிவந்து கிடந்தது. ஆத்திரத்தில் என் மூன்று பொட்டையும் நாற்காலித் தாளில் குத்துவது போல ஒட்டிவிட்டுக் கத்தினேன்.

"ஏய், என்ன அநியாயம் இது? இதுல ஒண்ணுகூட இல்லையே! ஒருத்தருமா ஒட்டல?"

தபால்காரர் எழுந்து ஓடி வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான்... இது எப்படியும் வந்துடும், எல்லாரும் போட்டிருப்பாங்கன்னுதான்... பாவம் கடைக்காரரைச் சிரிச்சுட்டோமேன்னு அதுல ஒண்ணு..." என்றார்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் டீச்சர்.

"எல்லாரும் கை தட்டினாங்களே," என்றார் எழுந்து நின்று தட்டின கிழவர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருத்தர் முகம் வாடினால் பொறுக்காது. நாற்காலிதான் நிச்சயம் ஆகிவிட்டதே, நம் பொட்டு அங்கே எதற்கு என்று, அந்தத் தாள் பக்கமே திரும்பிப் பார்க்காமல், பாவப்பட்ட தாள்களாகப் பார்த்து ஆளுக்கு ஒன்றாகப் பிச்சை போட்டிருக்கிறார்கள். சிரித்ததற்குப் பிராயச்சித்தமாக ஒவ்வொருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் வளைவுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டு எப்படித் தப்புவது?

தையல்காரம்மா எழுந்து போய் விளக்குத் தாளிலிருந்து தன் பொட்டைப் பிய்க்கப் பார்த்தார். தாள்தான் கிழிந்தது. அதிகாரி குறுக்கே வந்தார்.

"ஒட்டினதை எடுக்கக் கூடாதும்மா. அப்புறம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் மாத்துறாப்பல ஆயிடும். இதுதான் விதிமுறை."

"எல்லாரும் கை தட்டினாங்களே, நீங்களும் பார்த்தீங்கதானே? அதைக் குறிச்சுக்குங்க!" என்றேன்.

"கைதட்டலைக் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இந்த மூணு பொட்டும் ஒரே ஆள் ஒட்டினதா வேற இருக்கு," என்றார்.

அந்த மனுஷனை அன்றைக்குத் திட்டிய திட்டு எனக்கே முழுதாக நினைவில்லை. தட்டோடு டீ கீழே போனது மட்டும் நினைவிருக்கிறது. அத்தான்தான் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் அதிகாரியிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஊர் கிடக்கட்டும். நீங்க எதுல ஒட்டினீங்க அத்தான்?"

அவர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "விளக்கு. கூரை. அப்புறம் வளைவு."

"நீ?" என்று அக்காவிடம் திரும்பினேன்.

"வேலி, விளக்கு, வளைவு," என்றாள் அக்கா. "அவர் முகத்தைப் பார்க்கப் பாவமா இருந்துச்சுடி."

"ஏன்டி, உனக்கு உன் உயிர் பாவமா இல்லையா?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கையில எனக்கு நானே எப்படிடி ஒட்டிக்கிறது? அலைஞ்ச மாதிரி இருக்காது?" என்றவள், அத்தானைப் பார்த்து, "நீங்க ஒட்டுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

"நீ ஒட்டுவேன்னு நினைச்சேன்," என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்ற பாடத்தை இந்த வீட்டில் யாருமே படிக்கவில்லையா?

அதற்கப்புறம் ஊரே கவுன்சிலுக்குப் போனது. ஒரு வேன், இரண்டு லாரி நிறைய ஆள். தலைவர் எல்லாருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். திட்டத்தை மன்றம் ஏற்றுக்கொண்டாயிற்று, மக்களே தேர்ந்தெடுத்ததை நாங்கள் மாற்றினால் நாளைக்கு யார் எங்களை நம்புவார்கள் என்றார். ஐந்து வருஷத்தில் மறுபரிசீலனை வரும், அப்போது தவறவிடாதீர்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினார்.

வளைவுதான் முதலில் வந்தது. அதற்குப் பள்ளம் தோண்டின மண்ணைத் தள்ளி இடத்தைச் சமமாக்கிக் கொடுத்தது அத்தானின் கிரேடர். வெளியிலிருந்து வரும்போது நல்வரவு, உள்ளேயிருந்து போகும்போது 'நன்றி, மீண்டும் வருக' என்று நீல எழுத்து. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் அக்கா அதன் கீழே போனாள். ஒவ்வொரு முறையும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "வர்றேன், வர்றேன், வராம எங்க போகப் போறேன்" என்பாள். ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வருஷம் அவள் எட்டிப் பார்ப்பதில்லை. சீட்டில் சுருண்டு கிடப்பாள்.

ஊர்க்காரர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தபால்காரர் தன் காரைக் கொடுத்தார். கடைக்காரர் வழியில் குடிக்க, கொறிக்க எதையாவது பொட்டலம் கட்டி அனுப்புவார், காசு வாங்க மாட்டார். வளைவைக் கேட்டது நான்தானே என்று என் முன்னால் ஒருமுறை அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. தேற்றவும் இல்லை.

நாலாவது வருஷம் மழை அடித்து ஊற்றியது. அத்தான் சீவச் சீவ ரோடு கரைந்து ஓடியது. இரண்டு முறை நடுவழியில் வண்டி சிக்கி, மெஷின் தவறிப்போய், அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். மழை விட்ட ஒரு சாயங்காலம் அத்தான் வழக்கம் போலக் கிரேடருக்குக் கிளம்பினார். அக்கா கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டாள்.

"எங்க போறீங்க?"

"நாளைக்குப் போகணுமே. ரோடு குண்டும் குழியுமாக் கிடக்கு."

"ரோடு போட்டது போதும். வந்து உட்காருங்க."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"நாளைக்கு நான் போகல. அதுக்கு அப்புறமும் போகல. வந்து உட்காருங்கன்னா உட்காருங்களேன்," என்றாள். "யார் கேட்டாலும் எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தீங்க. எனக்கு ஒண்ணு குடுங்க. பக்கத்துல உட்காருங்க."

நான் கத்தினேன், காலைப் பிடித்துக் கெஞ்சினேன். நர்ஸ் வந்து சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக வேலைக்கு மட்டம் போட்டார். பத்து நாள் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதினோராவது நாள் அக்கா போய்விட்டாள். அவள் செத்தது நோயால் மட்டும் இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன், யார் முன்னாலும் சொல்வேன்.

சொன்னபடி ஐந்து வருஷத்தில் மறுபரிசீலனை வந்தது. அதே அதிகாரி, தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது. அதே பொட்டு, ஆனால் பணம் குறைவாம், ஊருக்கு ஒரே ஒரு காரியம்தான். இந்த முறை நான் டீ போடவில்லை, கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தாள்களோடு புதிதாகச் சில. கடைக்காரரின் மருமகள் நிறைமாதம், கிளினிக்கில் பிரசவ அறை வேண்டும் என்று நாணிக் கோணிக் கேட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு வரிசையாக எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் அத்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக நாற்காலித் தாளுக்குப் போய் மூன்று பொட்டையும் அதிலேயே ஒட்டினார்கள். அந்தப் பெண்ணும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து மூன்றையும் அதில்தான் ஒட்டினாள். பிரசவத் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

தபால்காரர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை விட்டுடலண்ணே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "யாருக்குய்யா?" என்று கேட்டேன். "யார் உட்காரப் போறா அதுல? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றீங்களே, இதோ ஒருத்தி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குறாளே, அது உங்க கண்ணுல படலையா?"

"நீ சும்மா இரு," என்றார் அத்தான். "ஆசையா ஒட்டியிருக்காங்க."

ஆசையாக ஒட்டியிருக்கிறார்கள்! என் மூன்றையும் பிரசவத் தாளில் ஒட்டிவிட்டு வெளியே போனேன்.

நாற்காலி வந்தது. கிளினிக்கின் பின்னறையில் புது வெள்ளையடித்து, மெஷின் வைத்து, கதவில் அக்காவின் பெயரை எழுதினார்கள். கடைக்காரரின் மருமகள் அதற்கு முன்னாலேயே மண் ரோட்டில், தபால்காரரின் காரில் பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது, நம் புண்ணியம். திறப்பு விழாவுக்குத் தலைவர் வந்தார், அதிகாரி வந்தார், புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். படம் எடுக்கும்போதுதான் குறை தெரிந்தது. காலி நாற்காலியை எடுத்தால் நன்றாக இருக்காது, யாராவது உட்கார்ந்தால் நல்லது என்றார் புகைப்படக்காரர். ஊரில் சிறுநீரகம் கெட்ட ஆள் யாரும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடும்பத்துல இருந்து ஒருத்தர் உட்கார்ந்தா பொருத்தமா இருக்கும்," என்றார் அதிகாரி. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள்.

"வேணாம் அத்தான்," என்றேன். "மாட்டேன்னு சொல்லுங்க. ஒரு தடவை சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நர்ஸ் அவர் கையை நீட்டி வைத்து, குழாயைப் பக்கத்தில் ஒட்டினாற்போல் சரிசெய்தார். கொஞ்சம் சிரியுங்கள் என்றார்கள். சிரித்தார். அந்தப் படம்தான் இப்போது திட்டப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது, கீழே 'மக்கள் கேட்டார்கள், மன்றம் செய்தது' என்று போட்டிருக்கிறார்கள்.

படம் எடுத்தவர்கள் டீ குடிக்கப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாட்டில் இருந்த பிடியை இழுத்தார். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது, கால் பக்கம் மேலே எழும்பியது. கைப்பிடியை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

"நல்லாச் சாயுது," என்றார் என்னிடம். "அங்க இருந்தது இப்படிச் சாயாது. நாலு மணி நேரமும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பா உங்கக்கா."